மூட்டையில் குறைந்த இரண்டு கிலோ

ரேஷன் அரிசி எந்த இடத்தில் களவு போகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போதே அவர்கள் மனசில் ஒரு பதில் இருக்கும். கடைக்காரன் எடுக்கிறான், இல்லையென்றால் வாங்கிக்கொண்டு போகிறவள் விற்கிறாள். நான் 1987-இல் தென்காசிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நியாய விலைக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். கடைகள் மாறின, வேலை மாறவில்லை. என்னைக் கேட்டால், லாரியிலிருந்து மூட்டை இறங்குகிற அரைமணி நேரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

மாதக் கடைசியில் லோடு வரும். ஒரே லாரி ஒரே நாளில் நாலைந்து கடைகளுக்கு இறக்க வேண்டும். சுமை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் நிற்க நேரமில்லை. கொக்கி போட்டு இழுப்பார்கள். சாக்கில் ஓட்டை விழும், அரிசி சிந்தும். விற்பனையாளர் மூட்டையை எண்ணலாம், எடைபோட முடியாது. எண்ணிக்கை சரியென்றால் சீட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் 50 கிலோ அரிசி இருப்பதாகப் பொருள்.

இருக்காது. சாக்கு நீங்கலாக 48 கிலோ நின்றால் அதை நல்ல மூட்டை என்போம். 46, 47 நின்றதும் உண்டு. மாதக்கணக்கில் அடுக்கிக் கிடந்த அரிசி ஈரம் வற்றி எடை குறையும், அது இயற்கை. கொக்கி ஓட்டையில் சிந்துவது அஜாக்கிரதை. தரம் பார்க்கிற குத்தூசியைத் திரும்பத் திரும்பக் குத்தி வழித்தெடுப்பது களவு. மூன்றும் ஒரே மூட்டைக்குள் கலந்து வரும்போது எது எவ்வளவு என்று கடையில் இருப்பவனால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்கு மாதம் 200 மூட்டை வருகிறது என்று வையுங்கள். மூட்டைக்கு இரண்டு கிலோ வீதம் 400 கிலோ. அட்டைக்கு 20 கிலோ என்றால் அது இருபது குடும்பத்தின் ஒரு மாதச் சோறு. அந்த இருபது குடும்பங்களும் வரிசையில் நிற்கும்.

இதை நேராக்க விற்பனையாளர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தராசு. ஒவ்வொருவருக்கும் அரைக் கிலோ, முக்கால் கிலோ குறைத்துப் போடுவது. இரண்டு, வாங்க வராதவர்கள் பெயரில் பில் போடுவது. வெளியூர் போனவர், வெளிச்சந்தை அரிசி சாப்பிடுகிறவர், இறந்தும் பெயர் நீக்கப்படாதவர் என்று எந்தக் கடையிலும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அவர்கள் பங்கைப் பதிவேட்டில் விற்றதாக எழுதி, அந்த அரிசியால் குறையை அடைப்பது. மூன்று, கையிலிருந்து கட்டுவது. பறக்கும் படை வந்து இருப்பு எடுத்தால் குறைந்த கிலோவுக்கு அபராதம் விற்பனையாளர் பெயரில்தான். இன்றைக்கும் புதிதாகச் சேர்கிற விற்பனையாளருக்கு முதல் வருடம் மாதம் 6,250 ரூபாய்தான் தொகுப்பூதியம். அதிலிருந்து யார் கட்டுவது? நான் கட்டிய மாதங்கள் உண்டு. வராதவர் பங்கால் நேராக்கிய மாதங்களும் உண்டு. இந்த வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. குறையை அடைப்பதற்காகப் பொய்ப் பில் போடக் கற்றுக்கொண்டவன், குறை அடைந்ததும் நிறுத்துவதில்லை. கை பழகிவிடுகிறது. 400 கிலோவுக்குப் போடுகிற பில்லை 600 கிலோவுக்கும் போடலாம் என்று தெரிந்துபோகிறது. மிச்சம் 200 கிலோவை வாங்க ஆள் வாசலிலேயே நிற்கிறான். களவை மனசில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். குறைந்த மூட்டையால் களவுக்குள் தள்ளப்பட்டவர்களே அதிகம். தள்ளப்பட்ட பிறகு அங்கேயே நிம்மதியாக இருந்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

எடைபோடாமல் இறக்க விடமாட்டேன் என்று ஒருமுறை சொன்னேன். லாரி திரும்பிப் போய்விட்டது. அந்த மாதம் எங்கள் கடைக்கு எல்லாருக்கும் கடைசியாக லோடு வந்தது. பக்கத்து ஊரில் அரிசி போட்டு முடித்த பிறகும் எங்கள் ஊர்ப் பெண்கள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கோபம் என் மேல்தான். “அண்ணாச்சி, ஒங்க வீம்புக்கு எங்க வீட்டு ஒல காயணுமா?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அடுத்த மாதம் எண்ணி மட்டும் இறக்கினேன்.

இந்த ரேஷன் ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் எங்கே வழி தவறியது என்பது பிடிபடும். இன்று இதை ஏழைக்குப் போடுகிற இலவசம் என்று பேசுகிறார்கள். பிறந்தபோது இது அப்படி இல்லை. 1939-இல் உலகப் போர் தொடங்கியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்த மாகாணம். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஆண்டில்தான் உணவு தானியக் கொள்கைக் குழு பெரிய நகரங்களுக்குப் பங்கீடு வேண்டும் என்றது, சென்னைக்கும் வந்தது. நகரத்துக்குத்தான் வந்தது, கிராமத்துக்கு இல்லை. போருக்கு உழைக்கிற ஆலைகள் நிற்கக்கூடாது, பட்டணத்தில் கலவரம் வரக்கூடாது என்பதுதான் அரசாங்கத்தின் கவலை. கிராமத்தில் விளைந்த நெல்லைக் கொள்முதல் என்று அளந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

1952-இல் ராஜாஜி முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மறுபடி தட்டுப்பாடு. 1965, 1966 இரண்டு ஆண்டும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து அடுப்பு எரிந்த காலம் அது. கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் உடைத்துக் கஞ்சி காய்ச்சியதாக அம்மா சொல்வாள். இந்திய உணவுக் கழகம் 1965-இல் தொடங்கப்பட்டது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியை மாற்றியது. அண்ணா முதலமைச்சரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். மூன்று படிக்குப் பணம் போதவில்லை. ஆனால் அரிசி என்பது ஆட்சியாளன் பதில் சொல்ல வேண்டிய பொருள் என்பது அந்தத் தேர்தலோடு தமிழ்நாட்டில் உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எந்த முதலமைச்சரும் அதைத் தொட்டுப் பார்க்க எளிதில் துணியவில்லை, தொட்டவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை.

விலை இல்லை என்பதற்காக மதிப்பு இல்லை என்று ஆகாது. ரேஷன் கடையில் அரிசி தாராளமாக இருக்கிற மாதத்தில் பலசரக்குக் கடைக்காரர் தன் அரிசிக்கு விலை ஏற்ற யோசிப்பார். ரேஷன் அரிசியைக் கையால் தொடாத வீட்டுக்கும் அந்த யோசனையால் லாபம். தொடங்கியபோது இதன் வேலை அதுதான், சந்தை விலையை இழுத்துப் பிடித்திருப்பது. இன்றும் அந்த வேலையை அது செய்கிறது. இதைப் பிச்சை என்று பேசுகிறவர்கள் அதை யோசிப்பதே இல்லை.

1997-இல் மத்திய அரசு ஆள் பார்த்துக் கொடுக்கும் முறைக்கு மாறியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு விலை, மேலே இருப்பவருக்கு ஒரு விலை. தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லாருக்கும் என்பதையே வைத்துக்கொண்டது. பணக்காரனுக்கும் ஏன் மலிவு அரிசி என்று அப்போதே கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். கடைக்குள் நின்று நான் கண்ட பதில் இது.

எங்கள் கடைக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். பச்சை அட்டை, அதாவது அரிசி அட்டை. வாங்குகிற அரிசி இட்லிக்கும் ஆட்டுக்கும்தான். ஆனால் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருப்புப் பலகையைப் படிப்பார். நேற்று எழுதிய கணக்கை இன்றும் அழிக்காமல் வைத்திருந்தால் கேட்பார். தராசில் தட்டு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பாமாயில் வரவில்லை என்றால் எந்தத் தேதியில் ஒதுக்கீடு வந்தது என்பார். வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு எழுத அவருக்குத் தெரியும், அந்தப் பேனாவுக்கு நாங்கள் எல்லாரும் பயந்தோம். அவருக்குப் பின்னால் நின்ற கூலிக்காரப் பெண்ணுக்கு அன்று சரியான எடை கிடைத்தது.

இடையில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு அரிசி இல்லை என்று ஹெச் முத்திரை வைத்த அட்டைகள் வந்தன. வாத்தியாருக்கும் அந்த முத்திரை விழுந்தது. அவர் வருவதை நிறுத்தினார். இருப்புப் பலகையைப் படிக்க ஆளில்லை. அந்தக் காலத்தில் கடை எவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2004 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு அந்த ஹெச் முத்திரை கைவிடப்பட்டது. வசதியானவன் வாங்குகிற பத்து கிலோவை வீண் என்று கணக்குப் போடுகிறவர்கள், அவன் கண்ணையும் குரலையும் கடைக்குக் கொண்டுவந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொருளியலாளர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் நாடு முழுவதுக்கும் கசிவைக் கணக்கிட்டார்கள். 2004-05-இல் பாதிக்கு மேல், 54 சதவீதம், போய்ச் சேரவில்லை. 2011-12-இல் அது 42 சதவீதம். தமிழ்நாட்டில் அந்த அளவு மிகக் குறைவு. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் மற்ற மாநிலத்தவரைவிட யோக்கியர்கள் என்பதனால் அல்ல, எங்கள் வரிசையில் எல்லாரும் நின்றார்கள் என்பதனால்.

இனி, விற்கிறவர்களைப் பற்றி. எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற ஊர்கள். தனியாக வாழ்கிற பாட்டி ஒருத்திக்கு மாதம் 12 கிலோ. அதில் பாதியை சைக்கிளில் வருகிறவனுக்குப் போட்டுவிடுவாள். “ஆச்சி, அரிசிய விக்கியளா?” என்று கேட்டேன். “ஒண்டிக்கட்டைக்குப் பன்னெண்டு கிலோ எதுக்குத் தம்பி? ஆறு கிலோவப் போட்டா முப்பது ரூவா வரும். மூட்டு வலிக்கு மாத்திர வாங்கணும்லா” என்றாள். சட்டப்படி அது தவறு. அவள் சோற்றுக்கு வைத்ததில் கொஞ்சத்தை மருந்தாக மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். அவளுக்குச் சேர வேண்டியது அவளிடம்தான் சேர்ந்தது. அவளையும் லாரியில் ஏற்றி எல்லை தாண்டுகிறவனையும் கடத்தல் என்ற ஒரே வார்த்தைக்குள் அடைப்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

லாரிக்காரன் கதை வேறு. புளியரை தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். இங்கே வீடு வீடாகவும் கடை கடையாகவும் சேர்த்த அரிசி ஏதோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில் சேரும். சாக்கு மாற்றுவார்கள். ஆலையில் மறுபடி தீட்டிப் பாலிஷ் ஏற்றினால் ரேஷன் அரிசி என்று யாருக்கும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை அரிசியாக விற்கும். கொஞ்சம் மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். பிடிப்பதற்குக் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது, 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இருக்கிறது, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க 1980-ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. பத்திரிகையில் படம் வரும்: அடுக்கிய மூட்டைகள், பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிற டிரைவர். கொட்டகைக்குச் சொந்தக்காரர் படத்தில் இருக்கமாட்டார். ஒரு லாரி நிறைய வேண்டுமென்றால் பாட்டிகளிடம் வாங்கிக் கட்டுப்படியாகாது. பிரிக்காத மூட்டையாகவே கிடைக்க வேண்டும். பிரிக்காத மூட்டை எந்த வீட்டிலும் இல்லை.

மண்ணெண்ணெயில் இதைவிடப் பெரிய பணம் ஓடியது. ரேஷன் மண்ணெண்ணெயின் விலை டீசல் விலையில் பாதிகூட அப்போது இல்லை, இரண்டையும் கலந்தால் லாரி ஓடும். நீலச் சாயம் கலந்து அனுப்பினார்கள், சாயத்தை எடுக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கலப்படத்தை நேரில் பிடித்த கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கடையில் பேரலைத் தொடவே எனக்குக் கை கூசியது.

தடுப்பதற்காக வந்த கருவிகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒன்று உண்மையிலேயே வேலை செய்தது. அந்தக் கருவிகள் வருவதற்கு முன்னால் பல ஆண்டுகள் பழைய அட்டையிலேயே உள்தாள் ஒட்டி ஓட்டினோம். அட்டை நைந்து, பக்கம் கிழிந்து, எழுத்து மங்கி, வீட்டில் எத்தனை பேர் என்பதே தெரியாமல் போன அட்டைகள் இருந்தன. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. கருவியில் பில் போட்டதும் குடும்பத் தலைவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. அந்தக் குறுஞ்செய்திதான் வேலை செய்தது. அடுத்த நாளே ஒரு பெண் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். “அண்ணாச்சி, நான் கடப் பக்கமே வரல. பருப்பும் பாமாயிலும் வாங்கிட்டேன்னு வந்திருக்கே?” பக்கத்துக் கடையில் நடந்தது அது. அந்த விற்பனையாளர் அவளுக்குப் பொருளை எடுத்துக் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாத்தியாரின் கண் இப்போது எல்லார் கையிலும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாங்குகிறவளிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லாமல், கடையைப் பார்த்துக் கேள்வி கேட்க வைத்த கருவி அது ஒன்றுதான்.

2020 அக்டோபரில் கைரேகை வந்தது. இது கேள்வியைத் திருப்பிவிட்டது. நீ நீதானா என்று வாங்க வந்தவளிடம் கேட்கத் தொடங்கியது. முப்பது வருடம் பீடி சுற்றிய விரலில் ரேகை இருக்குமா? புகையிலையும் இலையும் தேய்த்து வழவழவென்று ஆக்கிய விரல்கள் அவை. சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்போம். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் ஏதோ திருட வந்தவள்போலக் கூனிக்குறுகி நிற்பாள். நம் ஊரில் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கவும், வர முடியாத முதியவருக்கு வேறு ஆள் வாங்கவும் வழி வைத்திருந்தார்கள், அதனால் பெரிய கேடு வரவில்லை. பிறகு கருவிழிப் பதிவும் வந்தது. வெளி மாநிலத்தில் அப்படி இல்லை. ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்காததால் அட்டை நீக்கப்பட்டு மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, பசியால் செத்தாள் என்றது குடும்பம். நோயால் என்றது அரசு தரப்பு. சாவுக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில் அரிசி இல்லாமல் இருந்தது. போலி அட்டையை ஒழிக்கிறோம் என்று அட்டைகளை நீக்குகிறவர்கள் ஒரு நிஜ அட்டையை நீக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது மின்னணுத் தராசையும் பில் போடுகிற கருவியையும் இணைக்கிறார்கள். தட்டில் முழு எடை நின்றால்தான் பில் விழும். நல்லதுதான், வாங்குகிறவருக்கு 20 கிலோ என்றால் 20 கிலோ. இதோடு தராசில் குறைத்து ஈடுகட்டும் வழி மூடிவிட்டது. வராதவர் பெயரில் பில் போடும் வழியைக் கைரேகை மூடிவிட்டது. ஆனால் கிடங்கு வாசலில் அதே மாதிரி ஒரு தராசு இல்லை. லாரி இன்றும் எண்ணிக்கையில்தான் இறக்குகிறது. கடையின் ஒரு வாசலில் கிராம் பிசகாமல் அளக்கிறோம், இன்னொரு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். நடுவில் இருக்கும் இரண்டு கிலோவுக்கு மூன்றாவது வழி ஒன்றுதான் மிச்சம், அந்த 6,250 ரூபாய்.

ரேஷன் கடைப் பணியாளர் சங்கங்கள் போராட்டத்தில் கேட்பதும் இதைத்தான். கிடங்கிலிருந்து புறப்படும் மூட்டையை எடைபோட்டு, அந்த எடையை அதே கருவியில் ஏற்றி அனுப்புங்கள் என்கிறார்கள். ஈரம் வற்றிக் குறைகிற எடைக்கு ஒரு கழிவு நிர்ணயித்து அதைக் கணக்கிலேயே எழுத விடுங்கள் என்று நான் கூடுதலாகச் சொல்வேன். இயற்கையாகக் குறைவதைக் குறைந்தது என்று எழுத அனுமதித்தால், குத்தூசியால் குறைந்தது எவ்வளவு என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். எம்.எஸ்சி. படித்தவள். “சார், இருப்புல எண்பது கிலோ கொறையுது, என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள். அடுத்த லோடு இறங்கும்போது எல்லா மூட்டையும் வேண்டாம், கைக்கு வந்த பத்து மூட்டையை மட்டும் லாரிக்காரர் முன்னாலேயே தராசில் ஏற்று, எடையைக் கைப்பேசியில் படம் எடு, சீட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பத்து எடையையும் எழுது, நகலைச் சங்கச் செயலாளருக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கும் அன்றைக்கே அனுப்பு, வரிசையில் நிற்கிற பெண்களில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள் என்றேன். லாரி திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அந்த நாலு பேரும் கூட நின்றால் அது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது என்று சொன்னேன்.